ஆளுக்கு ஒரு காது

நானூறு லாரி.
மாவு படிந்த உறைக்குள்
நான்கு மாத இரவுகளை
நாலாக மடித்து வைத்திருந்தேன்.

திபிலிசியின் பெரிய கடையில்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததெல்லாம்
எண்ணூறில் தொடங்கியது.
நான்கு சேனல், வண்ணத்திரை,
ஊதாவும் பச்சையுமாய்க் கண்ணடிக்கும் பேட்கள்.
"இது உங்களோடு சேர்ந்து வளரும்"
என்றான் விற்கிற பையன்.

வளர்வதைப் பற்றி என்னிடம் சொல்லாதே தம்பி,
இரவெல்லாம் மாவு வளர்வதைப் பார்க்கிறவள் நான்.
அளவு மீறி உப்பியது
அடுப்புச் சுவரில் ஒட்டாது,
தணலில் விழும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும்.

எனக்கு வேண்டியது
இரண்டு சக்கரம், நடுவில் ஒரு ஃபேடர்,
ஹெட்போன் சொருக ஒரு துளை.
அந்தத் துளை முக்கியம்.
ஊர் கேட்கும் முன்
அடுத்த பாட்டை நான் கேட்டாக வேண்டும்.
அது இல்லாத மலிவுப் பெட்டி ஒன்று
இருநூற்றைம்பதுக்குக் கிடைத்தது.
விளக்கு மட்டும் நன்றாக எரிந்தது.

கடைசியில் கிள்தானி,
ஒன்பதாவது மாடி, பழையது.
லிஃப்டுக்குள் உண்டியல் போல ஒரு பெட்டி,
காசு போட்டால்தான் அசையும்.
பையில் கிடந்த கடைசி இருபது தெத்ரியைப் போட்டேன்.

கதவைத் திறந்த ஷால்வா
உதட்டில் விரல் வைத்தார்.
குழந்தை இப்போதுதான் தூங்கியதாம்,
இரண்டு நாளில் முதல் தடவை.

சமையல் மேசையில் பால்புட்டிகளை ஒதுக்கிவிட்டு
அதை வைத்தார்.
நான் கேட்கும் முன்பே சொன்னார், கிசுகிசுப்பாய்:
"இடது ஃபேடர் கரகரக்கும்.
மாதுளைச் சாறு.
என் தம்பி கல்யாணம்."

டேப் சுற்றிய என் ஹெட்போனைச் சொருகினேன்.
ஒரு முரசு ஓடியது, நூற்றிருபத்துநாலில்.
இன்னொன்றை அடியில் விட்டேன்.
இரண்டும்
குறுகிய படிக்கட்டில் எதிரெதிரே வந்தவர்கள் மாதிரி
இடமும் வலமும் ஒன்றாகவே ஒதுங்கி
முட்டிக்கொண்டன.

சிங்க் பட்டனை நோக்கி அவர் விரல் நீண்டது.
தட்டிவிட்டேன்.
சக்கரத்தைச் சுண்டுவிரலால் மெல்லத் தள்ளினேன்,
கொஞ்சம் பின்னே, ஒரு மயிரிழை முன்னே,

வழி விட்டன.

முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.
ஷால்வா ஹெட்போனின் ஒரு பக்கத்தைப் பிடுங்கித்
தன் காதில் வைத்தார்.
ஆளுக்கு ஒரு காது.
அவர் தலையாட்ட நானும் ஆட்ட,
வாசலில் வந்து நின்ற எலிசோவுக்கு
ஃப்ரிட்ஜின் முனகல் மட்டும்தான் கேட்டிருக்கும்.
சத்தமே இல்லாத சமையலறையில்
தலையாட்டும் இரண்டு வளர்ந்த ஆட்கள்.
வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"நானூற்றிருபது."
உறையைக் கவிழ்த்துக் காட்டினேன்.
பேரம் பேசவும் கிசுகிசுக்கத்தான் வேண்டியிருந்தது.
கிசுகிசுப்பில் யாராலும் கறாராக இருக்க முடியாது.
மாவுக்கறையைப் பார்த்தார்.
"எந்த அடுப்பு?"
சொன்னேன்.
"அப்படியானால் பாக்கிக்கு ரொட்டி.
காலை ஏழு மணிக்கு, சூடாக, பத்து நாள்."

பெட்டி இல்லை, உறை இல்லை.
வாத்துப் படம் போட்ட துண்டில் சுற்றிக் கொடுத்தார்.
"துண்டு திரும்பி வர வேண்டும்" என்றது
உள்ளிருந்து ஒரு குரல்.

லிஃப்டின் உண்டியல் வாயைப் பிளந்து நின்றது.
என்னிடம் காசு இல்லை.
படி இறங்கினேன்.
ஏழாவது மாடியில் யாரோ இறைச்சி கொத்தினார்கள்.
ஆறில் தொலைக்காட்சியில் கைதட்டல்.
கத்திக்குத் தக்கபடி காலை மாற்றினேன்,
இரண்டு படி தவறி
மூன்றாவதில் சேர்ந்தேன்.

நாலாவது மாடியில்தான் உறைத்தது,
வீட்டில் ஸ்பீக்கர் இல்லை.

இருக்கட்டும்.
இரண்டரைக்கு மாவு பிசைய வேண்டும்.
அதுவரை
ஒரு காது போதும் எனக்கு.